குறட்டைக்கு முகத்த சைடு எக்ஸ்ரே எடுத்தோம், எங்க அனுபவம்

தம்பிக்கு 34 வயசு, ஒல்லியான உடம்பு, ஆனா குறட்டை பக்கத்து ரூம் வரைக்கும் கேக்கும். சத்தம் கூட பரவால்ல, திடீர்னு அடங்கிடும் பாருங்க, அதுதான் பயம், ஒரு ராத்திரி நான் உக்காந்து எண்ணுனேன், 20 வினாடிக்கு மேல போச்சு, அப்புறம் தண்ணிக்குள்ள இருந்து தலைய தூக்குன மாதிரி ஒரே இழுப்பா மூச்ச இழுத்தான். குண்டா இருந்தாதான் ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்துல மூச்சு அடிக்கடி தடைபடுற நோய், வரும்னு வீட்ல எல்லாரும் நம்பிட்டு இருந்தோம். இந்த நோய் இருக்க வாய்ப்பு எவ்ளோன்னு பாக்க ஸ்டாப் பேங்னு 8 கேள்வி இருக்கு, அதுல எடை, வயசு, கழுத்து சுத்தளவு மூணுக்கும் அவனுக்கு மார்க்கே விழல, மொத்தமே 4 தான்.

பல்லுக்கு கிளிப் போடப் போன இடத்துலதான் டாக்டரம்மா அவன சைடுல இருந்து பாத்துட்டு, "கீழ்த்தாடை நல்லா உள்ள தள்ளி இருக்கே, குறட்டை விடுவீங்களா?"ன்னு கேட்டாங்க. உடனே லேட்டரல் செஃபலோகிராம், அதாவது முகத்த சைடுல இருந்து எடுக்குற எக்ஸ்ரே, எழுதிக் குடுத்தாங்க.

எக்ஸ்ரே எடுத்த விதத்துக்கு முழு மார்க் குடுப்பேன். நிக்க வெச்சு, ரெண்டு காதுலயும் குச்சி மாதிரி ஒண்ண வெச்சு தலை அசையாம பிடிச்சுக்கிட்டாங்க. பல்ல சேத்து வெச்சுக்கணும், உதட்ட இறுக்கக்கூடாது, முக்கியமா எச்சில் முழுங்கக்கூடாது. மொத தடவ தம்பி முழுங்கிட்டான், படம் எடுத்த பொண்ணே ஸ்க்ரீன்ல பாத்து கண்டுபிடிச்சு, "சார், இன்னொரு தடவ எடுத்துரலாம், முழுங்குனா தொண்டை எலும்பு மேல ஏறிடும், அளவு தப்பா வரும்"னு சொன்னாங்க. அவங்க கவனிக்கலன்னா அந்தத் தப்பான அளவ வெச்சுத்தான் ரிப்போர்ட்டே வந்திருக்கும். கதிர்வீச்சு ரொம்ப கம்மி, ரெண்டாவது தடவைக்கு பயப்பட வேண்டாம்.

ரிப்போர்ட்ல நிறைய கோடு, நிறைய டிகிரி. எங்களுக்கு புரிஞ்சது மூணு விஷயம்தான். கீழ்த்தாடை எவ்ளோ முன்னாடி இருக்குன்னு சொல்ற கோணம் பொதுவா 80 டிகிரி பக்கம் இருக்கணும், இவனுக்கு 74. நாக்குக்குப் பின்னாடி காத்து போற இடம் 11 மில்லிமீட்டர் அளவுல இருக்கணும், 6 தான் இருந்துச்சு. ஹயாய்டுன்னு தொண்டைல ஒரு குட்டி எலும்பு இருக்கு, அது தாடைக்கோட்டுல இருந்து சுமார் 15 மில்லிமீட்டர் கீழ இருந்தா சாதாரணம், இவனுக்கு 23. டாக்டரம்மா படத்துலயே விரல வெச்சு, தாடை பின்னாடி போனா நாக்கும் சேந்து பின்னாடி போகும், தூங்கும்போது தசை தளர்ந்ததும் அந்த 6 மில்லிமீட்டரும் அடைச்சுக்கும்னு காட்டுனாங்க. ஒல்லியா இருந்தும் இவனுக்கு ஏன்னு அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்குச்சு.

மார்க் குறைக்கிறது கவுன்ட்டர்ல நடந்ததுக்கு. ரிப்போர்ட்ட கைல குடுத்த கையோட, இதுவே போதும், தாடைய முன்னாடி தள்ளி வெக்கிற பல் கருவிக்கு இன்னைக்கே அளவு குடுத்துடுங்கன்னாங்க. தயவுசெஞ்சு இதுக்கு மட்டும் தலையாட்டாதீங்க. இந்தப் படம் முழிச்சிருக்கும்போது நின்னுக்கிட்டு எடுத்தது, மூச்சு நிக்கிறது படுத்துத் தூங்கும்போது. அதோட சைடுல இருந்து பாத்தா தொண்டையோட இடது வலது அகலம் தெரியாது. அளவெல்லாம் சரியா இருந்தும் ஆப்னியா இருக்குறவங்க உண்டு, அளவு மோசமா இருந்தும் நல்லா தூங்குறவங்களும் உண்டு. சந்தேகத்த வலுவாக்கும், காரணத்தக் காட்டும், அவ்ளோதான், நோய் இருக்கா எந்த அளவுல இருக்குன்னு ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூங்கும்போது மூச்ச அளந்து பாக்குற டெஸ்ட், பண்ணித்தான் சொல்ல முடியும்.

நாங்க டாக்டரம்மாவக் கேட்டுட்டு ஸ்லீப் ஸ்டடிக்குப் போனோம், மணிக்கு 26 தடவ மூச்சு தடைபடுதுன்னு வந்துச்சு. 5ல இருந்து 15 வரைக்கும் லேசானது, 15ல இருந்து 30 வரைக்கும் நடுத்தரம், அதுக்கு மேல தீவிரம். இப்ப மாஸ்க் வழியா காத்த அழுத்தமா அனுப்பி தொண்டை அடைக்காம பாத்துக்குற சிபேப் மெஷின் போட்டு தூங்குறான், காலைல தலைவலி இல்லைங்கிறான்.

எக்ஸ்ரேக்கு 5க்கு 4. போறவங்க பிரிண்ட் மட்டும் வாங்கிட்டு வராதீங்க, படத்தோட டிஜிட்டல் காப்பியும் கேளுங்க, ஸ்லீப் டாக்டர் எங்ககிட்ட மொதல்ல கேட்டது அதத்தான், நாங்க அதுக்காக திரும்ப ஒரு தடவ அலைய வேண்டியதாப் போச்சு.