வாடகை பீக்கன் ஊமையாக இருந்தது: பனிமலைப் பயணம் பதிவு செய்கிறவர்கள் படிக்கவும்

நான்கு நாள் பனிச்சறுக்கு, ஐந்தாம் நாள் பைலட்டோடு ஜோடியாகப் பறக்கும் டேண்டம் பாராகிளைடிங். இரண்டையும் ஒரே தொகுப்பாக விற்றார்கள். லிஃப்ட் வசதி எல்லாம் கிடையாது, சொந்தக் காலில் ஏறி, ஆள் நடமாட்டமில்லாத சரிவில் இறங்கும் பேக்கன்ட்ரி வகை. எனக்கு இது புதிதில்லை, ஐந்தாறு குளிர்காலம் சறுக்கியிருக்கிறேன். அப்படியும் முழுப்பணத்தையும் முன்கூட்டியே கட்டி ஏமாந்தேன். புகார் நடப்பதால் நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஏமாற்றிய விதத்தை மட்டும் சொல்கிறேன்.

முதல் நாள் கைடு ஆளுக்கொரு பை கொடுத்தார். பனிச்சரிவில் புதைந்தவரைத் தேட, சிக்னல் அனுப்பவும் பிடிக்கவும் செய்யும் பீக்கன் கருவி, குத்திப் பார்க்கும் புரோப் கம்பி, மண்வெட்டி மூன்றும் இருந்தன. "எல்லாம் செக் பண்ணியாச்சு, மாட்டிக்கிட்டு வாங்க" என்றார்.

கிளம்பும் இடத்தில் ஒருவர் தன் பீக்கனைத் தேடும் நிலையில் வைத்துக்கொண்டு நிற்க, மற்றவர்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து போவது வழக்கம். இரண்டு நிமிட வேலை. அதைக் கேட்டதற்கே அவருக்கு முகம் சுருங்கியது. சரி என்று நானே நின்றேன். நான்காவதாக வந்த பெண் என் பக்கத்தில் நிற்கிறார், என் கருவியில் சத்தமே இல்லை. அவருடைய பீக்கனில் விளக்கு எரிகிறது, திரையில் எண் தெரிகிறது, சிக்னல் மட்டும் போகவில்லை. எந்தத் தயாரிப்பாக இருந்தாலும் பீக்கன்கள் எல்லாம் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இயங்கும், ஒன்றின் சிக்னல் இன்னொன்றுக்குக் கேட்டே ஆக வேண்டும். மூடியைத் திறந்தால் உள்ளே பேட்டரி கசிந்து பச்சை பூத்துக் கிடந்தது.

புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்துவிட வேண்டும். அதன்பிறகு பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று குறைந்துவிடும். மீட்புக்குழு அதற்குள் வந்து சேருவது அரிது, கூட வந்தவர்கள்தான் கதி. அந்தப் பெண் புதைந்திருந்தால் நாங்கள் ஐந்து பேரும் நல்ல பீக்கனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றிருப்போம்.

அப்போதுதான் எனக்கு இவர்களுடைய கணக்கு பிடிபட்டது. ஸ்கீ மட்டம் என்றால் முதல் இறக்கத்திலேயே தெரிந்துவிடும். அறை மோசம் என்றால் அன்றிரவே சண்டை வரும். அதனால் அவை இரண்டும் பளபளவென்று இருந்தன. ஆபத்து வந்தால் மட்டுமே வெளியே எடுக்கும் சாமான்களில்தான் காசை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். அது வேலை செய்யாதது வாடிக்கையாளருக்குத் தெரியவே போவதில்லை. தெரியவரும் ஆள் புகார் கொடுக்கும் நிலையில் இருக்க மாட்டார்.

கைடும் அதே கணக்கில் வந்தவர்தான். விளம்பரத்தில் "சர்வதேசச் சான்று பெற்ற வழிகாட்டி" என்றிருந்தது. மலை வழிகாட்டிகள் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஐ.எஃப்.எம்.ஜி.ஏ.வின் அட்டையைக் கேட்டேன். "ஆபீஸ்ல இருக்கு சார்." கடைசிவரை ஆபீஸிலேயே இருந்தது. இரண்டாம் நாள் இரவு புதுப்பனி கொட்டியது, கூடவே காற்று. மறுநாள் பனிச்சரிவு அபாய அளவு 5-க்கு 3. "மூணுதானே சார், பாஸ் மார்க்" என்று சிரித்தார். சிரிக்கிற விஷயமில்லை. 3 என்றால் கணிசமான அபாயம். அளவு 4, 5 என்றிருக்கும் நாட்களில் பெரும்பாலானோர் வெளியே கிளம்புவதே இல்லை, 3-ல் கிளம்புகிறார்கள், நிறையப் பேர் சாவதும் அந்த நாட்களில்தான். அவர் காட்டிய சரிவைப் போனில் அளந்தேன், 36 பாகை. பலகை பலகையாகப் பனி பெயர்ந்து வருவது பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சரிவில்தான். அதில் ஆறு பேரையும் ஒட்டி ஒட்டி வரிசையாக ஏறச் சொன்னார். நானும் இன்னும் இரண்டு பேரும் திரும்பிவிட்டோம். மற்றவர்கள் போய், நல்லவேளையாக முழுசாக வந்து சேர்ந்தார்கள். சாயங்காலம் எங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

ஐந்தாம் நாள் பாராகிளைடிங். இந்த முறை ஹார்னஸ் பட்டையில் மாட்டும் முன்பே, ஆபத்தில் இழுத்து விரிக்கும் ரிசர்வ் பாராசூட்டின் விவர அட்டையைக் கேட்டுவிட்டேன். கடைசியாகப் பிரித்து மடித்துக் கட்டி நான்கு வருஷம். பொதுவாக ஆறு மாதம், அதிகம் போனால் ஒரு வருஷத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய வேலை அது. மடிப்பிலேயே கிடந்தால் துணி ஒட்டிக்கொள்ளும், ரப்பர் இற்றுப்போகும், தேவையான நேரத்தில் சட்டென்று விரியாது. அதைவிட மோசம், அட்டையில் அதிகபட்ச எடை 120 கிலோ. ஒற்றை ஆளுக்கான ரிசர்வ்! பைலட், நான், சாமான் எல்லாம் சேர்த்தால் 180 கிலோ வரும். பைலட்டிடம் காட்டினேன். "இதுவரைக்கும் இழுத்ததே இல்ல சார்" என்றார். உண்மையைத்தான் சொல்கிறார், பாவம்.

நான் பறக்கவில்லை. பணத்தைக் கேட்டபோது "வாடிக்கையாளர் தாமாக விலகினார்" என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. முதல் நாள் அவசரத்தில் கையெழுத்து வாங்கிய தாளில் அந்த வரி இருக்கிறது. அதைப் படிக்காதது என் தப்பு. பீக்கனின் பேட்டரி அறையையும் ரிசர்வ் அட்டையையும் தேதி தெரியும்படி படமெடுத்து வைத்ததால்தான் வங்கியில் கார்டு பணத்தைத் திரும்பக் கேட்க முடிந்தது. வாயால் சொல்லியிருந்தால் மதித்திருக்க மாட்டார்கள்.

பதிவு செய்யப்போகிறவர்கள் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேளுங்கள்: கைடின் முழுப்பெயரும் சான்றிதழ் எண்ணும், பைலட்டுக்கு டேண்டம் உரிமம் உண்டா, ரிசர்வ் எந்தத் தேதியில் மடித்தது, எத்தனை கிலோ தாங்கும். கைடின் பெயரை அந்த நாட்டு வழிகாட்டிகள் சங்கத்தில் நேரடியாக விசாரியுங்கள். "வந்து பாத்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

வங்கியில் பாதிப் பணம் வந்திருக்கிறது. மீதிக்கு நுகர்வோர் புகார் போட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணும் தனியாகப் புகார் கொடுத்திருக்கிறார். ஏதாவது நகர்ந்தால் இதிலேயே சேர்க்கிறேன்.