ரெண்டு வாசல் வீட்டில் மூன்று தொட்டி: ஆறு வருட அனுபவம்

எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற பழைய செட்டிநாட்டு வீடு. முகப்பு கிழக்குத் தெருவில் இருக்கிறது. அடுப்படி பின்கட்டில், பின்வாசல் மேற்குத் தெருவில். குப்பை பிரிப்பதைப் பற்றி யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வேன். எங்களுக்கு வந்த சிக்கலில் பாதி, எந்த வாசல் வழியாகக் குப்பையைக் கொடுப்பது என்பதில்தான் இருந்தது.

2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. அந்த வருடம் ஆடியில் ரெண்டு தொட்டி வாங்கினோம். மக்கும் குப்பைக்குப் பச்சை, மக்காததுக்கு நீலம். காலை ஆறரைக்குத் தூய்மைக் காவலர் அக்கா விசில் ஊதிக்கொண்டு தள்ளுவண்டியோடு முகப்புப் பக்கம் வருவார். பின்கட்டிலிருந்து தொட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டாங்கட்டு, நடு முற்றமான வளவு எல்லாம் கடந்து போவதற்குள் வண்டி நாலு வீடு தாண்டியிருக்கும். ஆத்தங்குடி டைல்ஸ் தரை முழுக்கச் சொட்டுச் சொட்டாகக் கழிவுத் தண்ணீர். கோலம் போட்ட வாசல் வழியாகக் குப்பை போவதில் அப்பத்தாவுக்கும் மனசு ஒப்பவில்லை. மூன்று மாதத்தில் அலுத்துப்போய், எல்லாவற்றையும் பழையபடி ஒரே பையில் கட்டிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்படிக் கட்டிய பை ஒன்றில் உடைந்த கண்ணாடி டம்ளர் இருந்தது. வண்டியடியில் பையைப் பிரித்த அக்காவின் உள்ளங்கை கிழிந்துவிட்டது. நான் பிரித்திருந்தால் அவர் அந்தப் பைக்குள் கைவிட வேண்டிய தேவையே இல்லை. மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன். அப்போதுதான் வாசல் பிரச்சினையையும் சொன்னேன். "பின்தெருவுக்கு நான் வாரேன் தம்பி. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வர முடியும். பிரிச்சு மட்டும் குடுத்திருங்க" என்றார். இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது.

ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் சித்திரை வெயிலில் பச்சைத் தொட்டி நாறிவிடும். அதனால்தான் பின்கட்டுத் தோட்டத்தில் உரம் போடத் தொடங்கினோம். முதல் முயற்சி பக்கத்தில் ஓட்டை போட்ட மண்பானையில். காய்கறித் தோலும் மிச்சச் சோறும் மட்டும் கொட்டியதால் பத்தே நாளில் புழு நெளிந்தது, துர்நாற்றம் வேறு. காய்ந்த இலை சேர்க்காததுதான் தப்பு. அடுப்படிக் கழிவில் ஈரமும் நைட்ரஜனும் அதிகம், சருகில் கார்பன் அதிகம். ரெண்டும் சேர்ந்து, இடையில் காற்றும் போனால்தான் நாற்றம் இல்லாமல் மக்கும். இப்போது ஒரு சட்டி கழிவுக்கு ரெண்டு சட்டி வேப்பஞ்சருகு போடுகிறோம். தொடக்கத்தில் கொஞ்சம் புளித்த மோர் தெளிப்போம். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. கோடையில் காய்ந்துவிடும், தண்ணீர் தெளிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தகரம் போட்டு மூடி, தேங்காய் நாரும் சேர்த்துப் போடுவோம்.

பானை ரெண்டாம் வருடம் விரிசல் விட்டுவிட்டது. அப்புறம் இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்கி ரெண்டு தொட்டி கட்டினோம். ஒன்று நிறைந்ததும் அடுத்தது. ரெண்டு, மூன்று மாதத்தில் கறுப்பாக, மண்வாசனையோடு உரம் கிடைக்கிறது. தங்கச்சி கல்யாண விருந்து முடிந்து வந்த வாழையிலையை நறுக்கிச் சருகோடு அடுக்கியபோது மட்டும் இன்னும் ஒரு மாதம் கூட ஆயிற்று. எலும்பும் மீன் கழிவும் இதில் போடுவதில்லை, நாய் தோண்டிவிடும். அவற்றைத் தாளில் சுற்றித் தனியாக வண்டியில் கொடுக்கிறோம்.

நீலத் தொட்டியில் வேலை குறைவு. பால் கவரின் மூலையைத் துண்டாக வெட்டி எறியாமல் ஓரத்தில் ஒட்டியபடியே விட்டு, கழுவிக் கொடியில் காயப்போடுவோம். அந்தச் சின்னத் துண்டு தனியாகப் போனால் யாராலும் பொறுக்க முடியாது. தாள், பாட்டில், பால் கவர் எல்லாம் பழைய பேப்பர் கடையில் எடுத்துக்கொள்கிறார்கள். சிப்ஸ் கவரை எடுப்பதில்லை. பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் அதைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். இந்த மாதிரிக் கழிவைச் சிமெண்ட் ஆலைச் சூளைகளில் எரிபொருளாகச் சேர்ப்பது உண்டு. எங்கள் வீட்டில் அதை வாங்குவதையே குறைத்துவிட்டோம்.

மூன்றாவதாக ஒரு சின்னச் சிவப்புத் தொட்டி. பேட்டரி, காலாவதியான மாத்திரை, பாதரசம் இருக்கிற பழைய டியூப்லைட் எல்லாம் இதில் சேரும். நாப்கினைத் தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையால் குறி போட்டுக் கொடுக்கிறோம். உடைந்த கண்ணாடி பழைய பிஸ்கட் டின்னில் போகும், அதை அக்காவிடம் சொல்லிக் கையில் கொடுப்போம்.

தொட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், வெயிலில் வைத்த நீலத் தொட்டியின் மூடி மூன்றாம் வருடமே விண்டுவிட்டது. நிழலில் இருந்த பச்சை இன்னும் உழைக்கிறது. வாங்குகிறவர்கள் நிழலான இடத்தை முதலில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஒரு மனக்குறை இன்னும் தீரவில்லை. பிரித்துக் கொடுத்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டிய காலமும் இருந்தது. தெருக்காரர்கள் சேர்ந்து கேட்ட பிறகுதான் தடுப்பு வைத்த வண்டி வந்தது. ஆனாலும் விசேஷ நாட்களில் யாரோ குப்பையை ஊருணிக் கரையில் கொட்டி எரிக்கிறார்கள். எரியாதது மழையில், ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலுக்குள் இறங்கிவிடுகிறது. ஐப்பசிக்கு முன் நாங்கள் சேர்ந்து அதை வாரிவிடுவோம். போன வருடம் வாரியதில் முக்கால்வாசி சிப்ஸ் கவரும் தண்ணீர் பாட்டில் மூடியும்தான். பால் கவர் ரெண்டே ரெண்டு கிடந்தது.