சுவர் எழுப்புவதா, நீருக்கு இடம் விடுவதா, ஊரையே நகர்த்துவதா?

கடல்மட்டம் ஏறுகிறது, ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்க்கிறது. ஊரை எப்படிக் காப்பாற்றுவது என்று ஓர் அரசு உட்கார்ந்து யோசித்தால் கடைசியில் மூன்று வழிதான் தேறும். சுவரோ கதவோ போட்டுத் தண்ணீரைத் தடுப்பது, வருகிற தண்ணீருக்கு ஊருக்குள்ளேயே இடம் ஒதுக்குவது, இரண்டும் முடியாது என்றால் மக்களை மேடான இடத்துக்குக் குடிமாற்றுவது. இந்த மூன்றையும் பெரும்பாலும் கட்டுமானச் செலவை வைத்தே ஒப்பிடுகிறார்கள். எனக்கு அது போதாது. திட்டம் கைவிடுகிற நாளில் என்ன ஆகும், அதற்காக வீட்டை இழப்பவர்கள் யார், முப்பது வருஷம் கழித்துக் கணக்கு தப்பு என்று தெரிந்தால் மாற்ற முடியுமா என்று கேட்டுப் பார்த்தால் வரிசையே மாறிவிடுகிறது.

முதலில் சுவர். இதைக் குறை சொல்லித் தள்ளிவிட முடியாது. 1953இல் வட கடல் பொங்கி வந்த வெள்ளத்தில் நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு அந்த நாடு கட்டிய தடுப்புகளின் வரிசையில் ராட்டர்டாமுக்கு அருகே 1997இல் முடிந்த மாஸ்லான்ட் தடுப்பும் ஒன்று. ஒவ்வொன்றும் 210 மீட்டர் நீளமுள்ள இரண்டு கதவுகள் மிதந்து வந்து ஆற்றின் வாயை மூடும். லண்டனின் தேம்ஸ் தடுப்பை 2013-14 குளிர்காலத்தில் மட்டும் 50 முறை மூட வேண்டியிருந்தது. லட்சக்கணக்கானவர்கள் வாழ்கிற, நகர்ந்துபோக இடமே இல்லாத நகரத்துக்கு வேறு என்ன சொல்வது?

ஆனால் சுவர் கைவிடுகிற நாள் மோசமான நாள். வெனிஸில் 78 கதவுகள் கொண்ட மோசே தடுப்பு பல்லாயிரம் கோடி செலவில், பல வருஷத் தாமதத்துக்கும் ஊழல் வழக்குகளுக்கும் பிறகு 2020 அக்டோபரில் முதல்முறை வேலை செய்தது, ஊரே நிம்மதியானது. இரண்டே மாதத்தில், டிசம்பர் 8ஆம் தேதி, கதவுகள் கடலடியில் படுத்தே கிடந்தன. நீர்மட்டம் 130 செ.மீ. தாண்டும் என்று முன்னறிவிப்பு வந்தால்தான் தூக்குவது என்று அப்போது விதி, முன்னறிவிப்போ அதற்குக் கீழே சொன்னது, தண்ணீர் 138க்கு ஏறிவிட்டது. செயின்ட் மார்க் சதுக்கம் மூழ்கியது. இயந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை, மழையையும் காற்றையும் கணித்ததில் வந்த சில சென்டிமீட்டர் பிசகு, அவ்வளவுதான்.

இதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. கரை கட்டினால் அதன் பின்னால் இருக்கிற தாழ்வான நிலம் பாதுகாப்பானது என்று பெயர் வாங்கிவிடும், மனை போடுவார்கள், பள்ளிக்கூடம் வரும், ஆஸ்பத்திரி வரும். அப்புறம் கரை உடையும்போது, கரையே இல்லாமல் இருந்திருந்தால் போயிருக்கக்கூடியதைவிட அதிகமாகப் போகும். கரைகளை மட்டும் நம்பக் கூடாது என்று அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் வைட் 1940களிலேயே வாதாடினார். 2005இல் கத்ரினா புயலின்போது நியூ ஆர்லியன்ஸின் கரைகள் பல இடங்களில் உடைந்து நகரத்தில் சுமார் 80 சதவீதம் நீருக்குள் போனது.

ஊரை நகர்த்துவதை எல்லா அரசும் கடைசியாகத்தான் எடுக்கிறது. காகிதத்தில் மிக உறுதியான தீர்வு இதுதான், தண்ணீர் வருகிற இடத்தில் ஆளே இல்லை என்றால் ஆபத்து ஏது? ஃபிஜியில் வூனிதோகோலோவா என்ற கடலோரக் கிராமத்தை 2014இல் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் உள்ளே, மேட்டுக்கு மாற்றினார்கள். 30 வீடுகள். ஊர்க்காரர்களே ஒத்துக்கொண்டு கேட்டது, மரமும் அவர்கள் நிலத்திலிருந்தே வந்தது, மீன் குட்டையும் அன்னாசிக் கன்றுகளும் கொடுத்தார்கள். இவ்வளவு நல்லபடியாக நடந்த திட்டத்திலேயே கட்டிக் கொடுத்த வீடுகளில் சமையலறை இல்லை. வரைபடம் போட்டபோது அந்த வீட்டில் சமைக்கப்போகிறவர்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதுதான் இதற்கு அர்த்தம்.

நியூயார்க்கின் ஓக்வுட் பீச் பகுதியில் 2012 சாண்டி புயலுக்குப் பிறகு மக்களே ஒன்றுகூடி எங்கள் வீடுகளை வாங்கிக்கொள்ளுங்கள் என்று மாநில அரசிடம் கேட்டார்கள், புயலுக்கு முந்தைய விலை கிடைத்தது, பலர் கிளம்பிவிட்டார்கள். அங்கே அது வேலை செய்ததற்குக் காரணம் விலையும் வேகமும். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஜான் சார்ல்ஸ் தீவில் பூர்வகுடி மக்களை இடம் மாற்ற 2016இல் 4.8 கோடி டாலர் ஒதுக்கினார்கள், புது வீடுகளுக்குள் குடிபோனது 2022இல். ஆறு வருஷம் ஒரு குடும்பம் கூரையைச் சரிபண்ணலாமா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதைச் செலவுக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. எழுத வேண்டும்.

சரி, நீருக்கு இடம் விடுவது. நான் நிற்பது இந்தப் பக்கம்தான். 1995இல் ஆறுகள் பெருகி இரண்டரை லட்சம் பேரை வெளியேற்றிய பிறகு, கரையை இன்னும் உயர்த்திக்கொண்டே போவதில் பயனில்லை என்று நெதர்லாந்து முடிவெடுத்து, முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஆற்றை அகலமாக்கியது. நைமேகன் நகரத்தில் வால் (Waal) என்ற ஆற்றின் கரையை 350 மீட்டர் பின்னால் தள்ளிவைத்து ஒரு துணைக் கால்வாய் வெட்டினார்கள், பெருவெள்ளத்தில் நீர்மட்டம் 30 சென்டிமீட்டருக்கு மேல் குறையும். வெள்ளம் இல்லாத நாட்களில் அங்கே ஜனங்கள் நடக்கிறார்கள், நீந்துகிறார்கள். வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஊருக்குப் பயன்படுகிற வெள்ளத் தடுப்பு என்பது சாதாரண விஷயமில்லை. ஆனால் இதற்காகவும் சுமார் 50 வீடுகள் இடிக்கப்பட்டன. யாரும் எதையும் இழக்காத வழி என்று இதை விற்கக் கூடாது.

அதே திட்டத்தில் ஓவர்டீப் என்ற தாழ்நிலத்தில் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்த நிலத்தில் ஆற்றை விடப்போகிறோம் என்று அரசு சொன்னதும் விவசாயிகள் எதிர்த்துக்கொண்டே நிற்காமல் தாங்களே ஒரு மாற்று யோசனையோடு வந்தார்கள்: கரையோரமாக உயரமான மண்மேடுகள் போட்டு வீட்டையும் மாட்டுக்கொட்டகையையும் அதன் மேல் வைப்போம், பெருவெள்ளம் வந்தால் வயலை ஆறு எடுத்துக்கொள்ளட்டும், நாங்களும் மாடுகளும் மேலே இருக்கிறோம். அரசு ஏற்றுக்கொண்டது. 8 பண்ணைகள் மேடேறின, மற்றவர்கள் இழப்பீடு வாங்கிக்கொண்டு வேறு இடம் போனார்கள்.

நகரத்துக்குள் இதையே கோபன்ஹேகன் செய்கிறது. 2011 ஜூலை 2இல் இரண்டு மூன்று மணி நேரத்தில் சுமார் 150 மி.மீ. கொட்டியதும், நிலத்தடி வடிகாலைப் பெரிதாக்குவதா அல்லது தெருவையும் பூங்காவையுமே நீர் போகிற, தேங்குகிற இடமாக மாற்றுவதா என்று கணக்குப் போட்டார்கள், இரண்டையும் கலந்து செய்வது மலிவு என்று வந்தது. 2012 திட்டப்படி ஏறத்தாழ 300 சிறு வேலைகள், இருபது வருஷம். சிறுசிறு வேலைகளாக இருப்பதால் ஒன்றில் கற்றதை அடுத்ததில் திருத்திக்கொள்ளலாம், ராட்சதக் கதவில் அது நடக்காது.

இதற்கும் எல்லை உண்டு, அதை மறைப்பது மக்களுக்குச் செய்கிற துரோகம். சீனாவின் ஜெங்ஜோ, மழையை உறிஞ்சும் ‘பஞ்சு நகரம்’ ஆவதற்காகச் செலவு செய்த ஊர்தான், ஆனாலும் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. பெய்தபோது எந்தப் பூங்காவும் தாங்கவில்லை, சுரங்க ரயிலுக்குள் மட்டும் 14 பேர் இறந்தார்கள். எவ்வளவு மழைக்கு இது போதும், அதற்கு மேல் வந்தால் எந்தத் தெரு மூழ்கும், எந்த ரயிலை நிறுத்துவது என்று திட்டத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். ஆற்றங்கரையிலும் மழை வெள்ளப் பகுதியிலும் முதலில் இடம் விடுங்கள். பெருநகரத்தின் குறுகலான கடல்வாயில் கதவு போடுங்கள், ஆனால் அதன் பின்னால் புது மனைக்கு அனுமதி கொடுக்காதீர்கள். தீவிலும் தாழ்ந்த கடலோரத்திலும் நகர்வதுதான் வழி என்றால் அடுத்த புயலுக்குக் காத்திருக்காமல் இப்போதே பேச ஆரம்பியுங்கள். லண்டன் 2012இல் தேம்ஸ் முகத்துவாரத்துக்கு 2100 வரை போட்ட திட்டம் ஒரே முடிவில் பணத்தைக் கொட்டவில்லை, கடல் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துப் பார்த்து அடுத்த படியை எடுக்கிறது, பின்னால் தேவைப்படும் நிலத்தை இப்போதே காலியாக வைத்திருக்கச் சொல்கிறது. அந்தக் காலி நிலம்தான் முக்கியம், கட்டடம் ஏறிவிட்டால் இடம் விடும் வழி அடைந்துபோய் மிச்சம் இரண்டுதான் இருக்கும்.

இந்த மூன்றும் முடிய இருபது முப்பது வருஷம் ஆகும், அதுவரை ஜனங்கள் உயிரோடு இருக்க வேண்டுமே. வங்கதேசக் கடலோரத்தில் 1970 புயலில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2020இல் ஆம்பன் புயல் வந்தபோது ஏறத்தாழ 24 லட்சம் பேரை முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுபோனார்கள், அந்த நாட்டில் இறந்தவர்கள் சில பத்துப் பேர். கொடியேற்றி, ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் எச்சரித்த தொண்டர்களுக்கும், புயல் காப்பகங்களுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. பெரிய டெண்டர் எதுவும் இல்லாமல் அடுத்த மழைக்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கலாம்.