சுத்தம் செய்வதா, அழித்து மறுபடி ஏற்றுவதா?

பாளையங்கோட்டையில் பக்கத்து வீட்டு அக்காவின் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது. ஸ்கேன் செய்தால் போதுமா, எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி ஏற்ற வேண்டுமா என்று கேட்டார்கள்.

நேரம்: டிஃபெண்டரின் (விண்டோஸிலேயே இருக்கும் வைரஸ் தடுப்பு நிரல்) ஆஃப்லைன் ஸ்கேன், அதாவது விண்டோஸ் இயங்காத நிலையில் நடக்கும் ஸ்கேன், சுமார் 15 நிமிடம். மறுபடி ஏற்ற அரை நாள் ஒதுக்குங்கள்.

செலவு: ஸ்கேன் இலவசம். மறுபடி ஏற்றுவதற்கு, விண்டோஸை நிறுவும் கோப்புகளை வைக்க 8 ஜிபி பென் டிரைவ் வேண்டும். அதை வைரஸ் இல்லாத வேறு கணினியில் தயாரிக்க வேண்டும். ஜங்ஷன் பக்கம் கடையில் கொடுத்தால் கூலி தனி.

நம்பகம்: என் கவலை இதில்தான். ஸ்கேன் தனக்குத் தெரிந்ததை மட்டுமே நீக்கும், ஒளிந்திருப்பது தங்கிவிடலாம். முழுதாக அழித்தால் பெரும்பாலும் அந்தப் பயம் இல்லை. ஆனால் பிள்ளைகளின் படங்களை முதலில் வெளியே எடுக்க வேண்டும்; நிரல் கோப்புகளை அப்படி எடுத்து வைக்கவே கூடாது.

வெறும் விளம்பரத் தொல்லை என்றால் ஸ்கேன் போதும். அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பவர்கள் தயங்காமல் அழித்துவிடுங்கள். அக்காவுக்கும் அதையே சொன்னேன்.

எதைச் செய்தாலும் கடவுச்சொற்களை வேறொரு சாதனத்தில் இருந்து உடனே மாற்றுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. கணினி தாங்குமானால் 11ஐயே ஏற்றுங்கள்.