கட்டடத்தைப் பார்த்து வீடியோ கேம் லெவல் போடுவது: எட்டு வருடப் பழக்கத்துக்குப் பிறகு

என் கணினியில் 'கல்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. 2018 ஜனவரியில் கர்நாடகத்தின் ஹளேபீடு கோயிலுக்குப் போய்வந்த அன்று இரவு உருவாக்கியது. இன்றைக்கு அதில் பதினோராயிரத்துச் சொச்சம் படங்கள். உருப்படியாக உதவியவை முந்நூறு இருந்தால் அதிகம். இந்தப் பழக்கத்தைத் தொடங்க நினைக்கிறவர்களுக்கு முதலில் இந்தக் கணக்கைத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

வீடியோ கேம்களுக்கு லெவல் டிசைன் செய்வது என் பிழைப்பு. ஆட்டக்காரர் எந்த வழியாக நடக்க வேண்டும், கதவு எங்கே, எதிரி எங்கே ஒளிந்திருக்க வேண்டும், எந்த மூலை திரும்பியதும் அப்படியே நின்றுவிட வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிக்கிற வேலை. முன்பெல்லாம் மனதில் தோன்றியதைப் போடுவேன். கடந்த எட்டு வருடமாக, எந்த லெவலாக இருந்தாலும் ஏதோவொரு நிஜக் கட்டடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை. பலன் உண்டு. ஆனால் நான் எதிர்பார்த்த இடத்தில் கிடைக்கவில்லை.

ஆரம்பித்து வைத்தது 'அன்சார்ட்டட்: த லாஸ்ட் லெகசி'. 2017 ஆகஸ்டில் வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் ஹொய்சளர்களின் இடிபாடுகளைத் தேடி ஜீப்பில் சுற்றுகிற ஆட்டம். மலையளவு சிலைகள், தண்ணீர் கொட்டும் கோட்டைகள். நமக்குப் பக்கத்து ஊர்க் கல்லை அவ்வளவு பெரிய ஆட்டத்தில் பார்த்த சந்தோஷத்தில், அசலைப் பார்த்தே ஆக வேண்டும் என்று கிளம்பிவிட்டேன். பேலூரும் ஹளேபீடும் ஹாசன் மாவட்டத்தில், ஒன்றுக்கொன்று 16 கிலோமீட்டர்தான். ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

முதல் அரை மணி நேரம் ஹளேபீடு எனக்கு ஏமாற்றம். ஹொய்சளேஸ்வரர் கோயிலில் அண்ணாந்து பார்க்க விமானமே இல்லை, மேற்கட்டுமானம் போய்விட்டது. தஞ்சாவூரில் கழுத்து வலிக்கப் பார்த்துப் பழகியவனுக்கு இது தரையோடு உட்கார்ந்திருப்பதுபோல் தெரிந்தது. ஆட்டத்தில் பார்த்த பிரம்மாண்டத்தில் கால்வாசிகூட இல்லை. சரி, வந்தது வந்தோம் என்று மேடை மேலேறிச் சுவரை ஒட்டி நடக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது.

கோயிலின் தரைப்படம் நட்சத்திர வடிவம். சுவர் நேராக ஓடாது. மடிந்து மடிந்து போகும். அதைச் சுமக்கும் ஜகதி என்கிற மேடையும் அதே மடிப்போடு போகும். நடக்கிறவருக்கு ஒரு நேரத்தில் ஒரு முகம்தான் தெரியும். அடுத்த சிற்பம் மூலைக்கு அந்தப் பக்கம். இரண்டடி வைத்தால் அது வரும், இது மறையும். ஆட்டக்காரரை ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு இழுத்துக்கொண்டு போக நாங்கள் விளக்கு வைப்போம், ஒளிரும் அம்பு வைப்போம், கதாபாத்திரத்தை விட்டுக் கத்தச் சொல்வோம். இங்கே வெறும் மடிப்பே அந்த வேலையைச் செய்தது, 12ஆம் நூற்றாண்டிலேயே.

இன்னொன்று சுவரின் அடிப்பகுதி. அடியில் யானை வரிசை, மேலே சிங்கம், கொடிக்கருக்கு, குதிரை வீரர்கள், அப்புறம் ராமாயண பாரதக் கதைகள், மகரம், அன்னம் என்று பட்டை பட்டையாகக் கோயிலைச் சுற்றி ஓடுகிறது. கேம் கலைஞர்கள் டிரிம் ஷீட் என்று ஒன்று வைத்திருப்பார்கள். ஒரே படத்தில் விளிம்பு, படி, அலங்காரம் எல்லாவற்றையும் கிடைமட்டப் பட்டைகளாக அடுக்கிவைத்து, சுவர் எவ்வளவு நீளமானாலும் அந்தப் பட்டைகளையே நீட்டிக்கொண்டு போவது. மெமரி மிச்சம், வேலையும் மிச்சம். ஹளேபீட்டுச் சுவர் சுத்தமான டிரிம் ஷீட். ஒரே வித்தியாசம், இங்கே ஒரு யானைபோல் இன்னொரு யானை இருக்காது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். நாங்கள் நாலு யானையைச் செய்து நாற்பது தடவை ஒட்டுவோம்.

அன்றைக்கு எண்ணூறு படம் எடுத்தேன். ஊருக்கு வந்ததும் அதே பாணியில் ஒரு மண்டபம் போட உட்கார்ந்தேன். பெரிய தோல்வி.

காரணம் கேமரா. ஹொய்சள மண்டபத் தூண்கள் கடைசல் பிடித்தவை, வழவழவென்று வளையம் வளையமாக, நெருக்கமாக நிற்கும். மனிதனுக்கு அது அழகு. மூன்றாம் நபர் கேமராவோ பாத்திரத்தின் முதுகுக்கு 3 மீட்டர் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும். தூண் இடைவெளியை நான் 2 மீட்டர் வைத்திருந்தேன். திரும்பும்போதெல்லாம் கேமரா ஒரு தூணில் இடித்து முன்னால் பாய்ந்து, பாத்திரத்தின் பின்மண்டையைத் திரை நிறையக் காட்டியது. விளையாடிப் பார்த்த நண்பர் ஐந்தே நிமிடத்தில் தலை சுற்றுகிறது என்று எழுந்துவிட்டார். உள்ளே நுழையும் படிகளும் தகராறு. ஆட்டங்களை உருவாக்கும் மென்பொருளான அன்ரியல் எஞ்சினில் பாத்திரம் தானாக ஏறும் படியின் உயரம் அமைப்பை மாற்றாவிட்டால் 45 சென்டிமீட்டர்தான். பழைய கோயில் படி என்று நான் கம்பீரமாக வைத்த ஒன்றில் கதாநாயகன் முட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தான்.

பல மாதம் முட்டி மோதிய பிறகு ஒரு கணக்குக்கு வந்தேன். மூன்றாம் நபர் ஆட்டமென்றால் இடைவெளிகளை ஒன்றரை மடங்கு பெருக்குவேன், உயரத்தை அதைவிடக் குறைவாக, தூணின் தடிமனை மிகக் கொஞ்சமாக. எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கினால் பாத்திரம் பொம்மைபோல் சுருங்கிவிடும். லாஸ்ட் லெகசியில் எல்லாம் ஏன் அத்தனை பிரம்மாண்டம் என்பதும் அப்போது கொஞ்சம் புரிந்தது. பிரம்மாண்டம் காட்டும் ஆசை ஒரு பக்கம், கேமராவுக்கும் கயிற்றில் ஆடுவதற்கும் இடம் வேண்டுமே என்கிற கவலை இன்னொரு பக்கம்.

அதற்குப் பிறகு மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று ஆட்டங்களைப் பாடப்புத்தகம்போல் திறந்துவைத்துப் பார்க்கத் தொடங்கினேன். என்னை அதிகம் மாற்றியது 2011இல் வந்த 'டார்க் சோல்ஸ்'. அதில் அனோர் லோண்டோ என்கிற தெய்வங்களின் நகரம் வரும். மிலான் கதீட்ரலின் சாயல் பார்த்ததுமே தெரியும். 1386இல் கட்டத் தொடங்கிய கதீட்ரல் அது. கூரையில் ஊசி ஊசியாக 135 கோபுரங்கள். வெளிச்சுவரைப் பக்கவாட்டிலிருந்து தாங்கிப் பிடிக்கச் சாய்வான கல் வளைவுகள், ஃப்ளையிங் பட்ரஸ் என்பார்கள். நான் மிலான் போனதில்லை. கூரைத் தளத்தில் பார்வையாளர்கள் இந்த வளைவுகளுக்குக் கீழே நடப்பதைப் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். ஆட்டத்தில் அந்த வளைவின் முதுகிலேயே ஏற வேண்டும். ஒரு ஆள் நடக்கத்தான் அகலம், இரண்டு பக்கமும் பள்ளம். எதிரே இரண்டு வெள்ளி வீரர்கள் ஈட்டி நீள அம்பை விட்டுத் தள்ளிவிடுவார்கள். நான் எத்தனை முறை விழுந்தேன் என்பது வேண்டாம்.

நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? கோபுரங்களையும் வண்ணக் கண்ணாடியையும் காப்பியடித்துவிட்டு, நடுவில் சாதாரணமாக ஒரு பாலம் போட்டிருப்பேன். அவர்கள் கட்டடத்தின் எலும்பை எடுத்துப் பாதையாக்கினார்கள். சுவர் சாயாமல் இருக்க வைத்த கல், ஆட்டக்காரர் சாகிற இடமாகிவிட்டது. அன்றிலிருந்து ஒரு கட்டடத்தைப் பார்த்தால் அலங்காரத்தைக் கடைசியில்தான் பார்க்கிறேன். எது எதைத் தாங்குகிறது, ஆள் எங்கே நடக்கிறான், தண்ணீர் எங்கே வடிகிறது, இதுதான் முதல் கேள்வி. என் ஃபோல்டரில் உருப்படியான அந்த முந்நூறும் இந்தக் கேள்விகளோடு எடுத்தவைதான்.

2019இல் வந்த 'கண்ட்ரோல்' வேறு ரகம். ஆட்டம் முழுக்க ஒரே கட்டடத்துக்குள், அதுவும் பூசாத கான்கிரீட்டில் நடக்கிறது. வெளித்தோற்றத்துக்கு மூலம் நியூயார்க்கில் 33 தாமஸ் தெருவில் நிற்கும் கட்டடம். ஜான் கார்ல் வார்னெக் வடிவமைத்து 1974இல் முடிந்த, ஜன்னலே இல்லாத தொலைபேசி நிலையம், 29 மாடி. உள்ளே இருந்தவை இயந்திரங்கள் என்பதால் ஜன்னல் தேவைப்படவில்லை, மாடிக்கு மாடி உயரமும் சுமார் 18 அடி. இந்த 18 அடியைப் படித்தபோது சிரிப்பு வந்தது. மூன்றாம் நபர் கேமராவுக்கென்றே கட்டியதுபோன்ற உயரம். இயந்திரத்துக்காகக் கட்டிய இடங்கள் பல நேரம் மனிதனுக்காகக் கட்டியவற்றைவிட ஆட்டத்துக்கு நன்றாகப் பொருந்துகின்றன. நெல் ஆலை, பழைய நூற்பாலை, பணிமனை என்று நான் சுற்ற ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான். ஒரே குறை, கண்ட்ரோலில் எனக்கு வழி தவறிக்கொண்டே இருந்தது. எல்லாப் பக்கமும் ஒரே கான்கிரீட். அதை ஈடுகட்டச் சுவரில் பெரிய பெரிய எழுத்துப் பலகைகள் வைத்திருந்தார்கள். நிஜத்திலும் இந்தப் பாணிக் கட்டடங்களில் இதே பிரச்சினைதான்.

எதிர்ப்பக்கம் 'அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி', 2014. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பாரிஸ். அதன் நோத்ர டாம் தேவாலயத்துக்காகக் கரோலின் மியூஸ் என்கிற லெவல் கலைஞர் ஏறக்குறைய இரண்டு வருடம் உழைத்தார். பார்த்தால் தெரியும். ஆனால் அதன் உச்சியிலிருக்கும் ஊசிக் கோபுரம் புரட்சிக் காலத்தில் கிடையாது. பழையதை 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இறக்கிவிட்டார்கள். நாம் படங்களில் பார்த்துப் பழகியது வியோலே லெ டுக் 1859இல் முடித்தது. அது இல்லாமல் செய்தால் 'இது நோத்ர டாமே இல்லை' என்று எல்லாரும் சொல்லியிருப்பார்கள். எனக்கு அதில் புகார் இல்லை. நானும் ஒரு செட்டிநாட்டு வீட்டு லெவலில் முற்றத்தை நிஜத்தைவிட இரு மடங்கு பெரிதாக்கினேன். மக்கள் மனதில் இருக்கிற முற்றம் அவ்வளவு பெரிது.

2019 ஏப்ரலில் தேவாலயம் தீப்பிடித்தபோது, இந்த ஆட்டத்தின் மாடலை வைத்தே திருப்பிக் கட்டிவிடலாம் என்று ஒரு செய்தி சுற்றியது. எனக்கும் நாலு பேர் அனுப்பினார்கள். அது நடக்கிற காரியமில்லை. ஆட்டத்து மாடல் ஏறி விளையாட வசதியாக மாற்றியது. கட்டுமானத்துக்கு வேண்டிய அளவு ஆண்ட்ரூ டாலன் என்கிற கலை வரலாற்றாசிரியர் 2010இல் லேசர் வைத்து எடுத்ததில் இருந்தது; நூறு கோடிக்கு மேல் புள்ளிகள். அளவெடுப்பதும் ஆடுவதற்கு மாடல் செய்வதும் வேறு வேறு வேலை. எட்டு வருடத்தில் நான் வாடிக்கையாளர்களுக்கு அதிகம் விளக்கிய விஷயம் இதுவாகத்தான் இருக்கும்.

கருவிகள் பற்றிக் கேட்பவர்களுக்கு. படங்களைப் பரப்பி வைத்துப் பார்க்கப் பியூர்ரெஃப் உபயோகிக்கிறேன். சின்ன மென்பொருள், மற்ற ஜன்னல்களுக்கு மேலேயே மிதக்கும், தொந்தரவு தராது. ஃபோனில் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து முப்பரிமாண மாடலாக்கும் ஃபோட்டோகிராமெட்ரியையும் இரண்டு வருடம் முயன்றேன். உடைந்த கல்லுக்கும் மரவேருக்கும் பிரமாதம். மெருகேறிய தூணுக்கு உதவாது; பளபளப்பில் கணக்கு குழம்பிப் பொத்தலாக வரும். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கும் இடங்களில் கேமரா முக்காலிக்கு அனுமதி வாங்க வேண்டும். தெரியாமல் ஒரு முறை தூக்கிக்கொண்டு போய்க் காவலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், தப்பு என்மேல்தான். வழிபாடு நடக்கிற இடமென்றால் இன்னும் கவனம் தேவை. 'ரெசிஸ்டன்ஸ்: ஃபால் ஆஃப் மேன்' ஆட்டத்தில் மான்செஸ்டர் கதீட்ரலுக்குள் துப்பாக்கிச் சண்டை வைத்து, 2007இல் இங்கிலாந்துத் திருச்சபை கொதித்து, சோனி மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. நான் கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்புவதே இல்லை.

இன்றைக்கு என்னிடம் மிகவும் உழைக்கிற கருவி ஐந்து மீட்டர் அளவு நாடா. அதற்கடுத்தது கட்டடத்தை நெடுக்காக அறுத்துக் காட்டும் வெட்டுப் படங்கள். பத்து அழகான புகைப்படம் தராததை ஒரு வெட்டுப் படம் தந்துவிடும். முதல் இரண்டு வாரம் எல்லாவற்றையும் சாம்பல் நிறப் பெட்டிகளாக மட்டுமே போட்டு நடந்து பார்ப்பேன். அந்தக் கட்டத்தில் புகைப்படங்களைத் திறக்கவே மாட்டேன். அழகைப் பார்த்துவிட்டால் தப்பான இடைவெளியை மாற்ற மனசு வராது.

இன்னும் என்னால் முடியாத ஒன்று, உள்ளிருட்டு. ஹளேபீட்டில் வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தால் முதலில் ஒன்றுமே தெரியாது. துளையிட்ட கல் ஜாலிகள் வழியாகப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். கண் பழகப் பழகத் தூணின் வளையங்கள் ஒவ்வொன்றாக மேலே வரும். எஞ்சினில் இருக்கும் தானியங்கி வெளிச்ச அமைப்பு அதை ஒரு நொடியில் முடித்துவிடுகிறது. போன மாதம் வேகத்தைக் குறைத்து இருபது நொடி ஆக்கி ஆறு பேரிடம் கொடுத்தேன். ஐந்து பேர் உள்ளே நுழைந்ததும் நேராக செட்டிங்ஸுக்குப் போய்ப் பிரைட்னெஸ்ஸைக் கூட்டினார்கள். ஆறாவது ஆள் அப்படியே நின்றார். பொறுமையாகப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஆட்டம் தொங்கிவிட்டது என்று நினைத்தாராம்.