பழைய எஞ்சினின் கலகல சத்தமும் மெக்கானிக் ஸ்டெதஸ்கோப்பும்: சில வருட அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் சத்தம் எங்கே இருக்கிறது என்று ஓரளவு காட்டும், எதனால் வருகிறது என்று சொல்லாது. அந்த இரண்டாவது கேள்விக்கு டைமிங் லைட் (பிளக் பொறி வெட்டும் ஒவ்வொரு முறையும் மின்னும் விளக்கு), ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), கொஞ்சம் பொறுமை மூன்றும் வேண்டும்.

என் கார் கார்புரேட்டர் காலத்தது. நான்கு சிலிண்டர், எட்டு வால்வு, புஷ்ராட் எஞ்சின். முன்பக்கம் டைமிங் செயின், பிளாக்கின் பக்கவாட்டில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் மேடுகள் கொண்ட தண்டு) தள்ளி இயக்கும் பெட்ரோல் பம்ப். இந்த வகை எஞ்சின் எப்போதும் கொஞ்சம் பேசிக்கொண்டேதான் ஓடும். நன்றாகச் சூடேறிய பிறகு ஐடிலிங்கில் மட்டும் 'டக் டக்' என்று ஒரு தட்டல் புதிதாகச் சேர்ந்தபோதுதான் இந்தக் கருவியை வாங்கினேன். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் மற்ற சத்தங்களில் அது கரைந்துவிடும்.

கேட்டவர்கள் எல்லோரும் 'டேப்பட்தான், அட்ஜஸ்ட் பண்ணினால் போய்விடும்' என்றார்கள். வால்வைத் தள்ளும் பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பழைய எஞ்சினில் எது தட்டினாலும் முதல் பழி டேப்பட் மேல்தான்.

கருவி எளிமையானது. காதில் மாட்டும் இரண்டு குழாய், ஒரு ரப்பர் ஹோஸ், நடுவில் சிறு டப்பி, அதன் முனையில் நீளமான இரும்புக் கம்பி. கம்பியை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ராக்கர் கவர் (வால்வை அழுத்தும் ராக்கர் கைகளின் மேல் மூடி), சம்ப் (அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி), டைமிங் கவர் (முன்பக்கச் செயினின் மூடி) இவையெல்லாம் மெல்லிய தகடு. உள்ளே எது தட்டினாலும் மிருதங்கம் மாதிரி மொத்தமாக முழங்கும். ஆகவே தகட்டை விட்டுவிட்டு, வார்ப்பிரும்பில் நேரடியாக இறங்கும் போல்ட் தலைகளில் வையுங்கள். ஹெட் போல்ட் ஒவ்வொன்றாக, பிறகு பிளாக்கின் பக்கம், பிறகு ஒவ்வொரு பாகமும் பிளாக்கோடு சேரும் இடம் என்று நகர்ந்தால்தான் ஒப்பிட முடியும்.

அதற்கு முன் தாளத்தைப் பிடிக்க வேண்டும். கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று. 800 ஆர்பிஎம் ஐடிலிங்கில் ஒரு வால்வு நிமிடத்துக்கு 400 முறை திறந்து மூடும். இதைக் காதால் எண்ண யாராலும் முடியாது. டைமிங் லைட்டை முதல் சிலிண்டரின் பிளக் வயரில் மாட்டினால் வேலை எளிது. டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு முறையாக மின்சாரம் பகிரும் பாகம்) வைத்த எஞ்சினில் அந்த பிளக் கிராங்கின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் பொறி வெட்டும், லைட்டும் அப்படியே மின்னும். மின்னலுக்கு ஒரு தட்டு என்றால் கேம் பக்கம் பாருங்கள். இரண்டு தட்டு என்றால் கிராங்க் பக்கம். ஒரு எச்சரிக்கை: பிஸ்டன் ஆட்டம் பெரும்பாலும் பவர் ஸ்ட்ரோக்கில்தான் பலமாகக் கேட்கும் என்பதால் அதுவும் பாதி வேகத்தில் காதில் விழலாம். ஆனால் பிஸ்டன் ஆட்டம் குளிர்ந்த எஞ்சினில் அதிகம், பிஸ்டன் சூடாகி விரிந்ததும் குறையும். என் காரில் நேர் எதிர்.

மின்னலுக்கு ஒரு தட்டுதான் வந்தது. அடுத்து ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றி பாடியில் எர்த் செய்து பார்த்தேன். பிக் எண்ட் பேரிங் (பிஸ்டனின் தண்டு கிராங்கோடு சேரும் இடத்து பேரிங்) போயிருந்தால் அந்த சிலிண்டரின் சுமை விலகியதும் தட்டல் மழுங்கும் அல்லது மாறும். எதிலும் மாறவில்லை. சம்ப்பைக் கழற்ற வேண்டிய அவசியம் இல்லை என்ற நிம்மதி அப்போதே வந்துவிட்டது. (வயரைச் சும்மா தொங்கவிடாதீர்கள். பொறி வெட்ட இடமில்லாத ஹை வோல்டேஜ் காயிலைத்தான் பதம் பார்க்கும்.)

அடுத்து டேப்பட்டின் முறை. இந்த வகை எட்டு வால்வு எஞ்சின்களில் 'ஒன்பது கணக்கு' வசதியானது: 8-ஆம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 1-ஐ அட்ஜஸ்ட் செய்வது, 7 திறந்தால் 2-ஐ, இப்படிக் கூட்டுத்தொகை எப்போதும் 9. இடைவெளி எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் ராக்கர் முனை தேய்ந்து குழியாகியிருந்தால் ஃபீலர் கேஜ் அந்தக் குழியின் மேல் பாலம்போல் நின்று பொய் சொல்லும். அதனால் எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போதே ஒவ்வொரு ராக்கருக்கும் வால்வு தண்டுக்கும் நடுவே மெல்லிய தகட்டைச் செருகிப் பார்த்தேன். குற்றவாளி வால்வில் தகடு நுழைந்தவுடன் சத்தம் அடங்க வேண்டும். கை முழுக்க எண்ணெய் தெறித்ததுதான் மிச்சம், தட்டல் அப்படியே இருந்தது.

ஸ்டெதஸ்கோப் காசுக்கு வேலை செய்தது இங்கேதான். ஹெட் போல்ட்களில் எல்லாம் தட்டல் ஒரே அளவில் மங்கலாகக் கேட்டது. மேலே பிறந்த சத்தம் என்றால் ஏதோ ஒரு போல்ட்டில் கூர்மையாகியிருக்க வேண்டும். பிளாக்கில் கீழே இறங்க இறங்கத் தெளிவானது. பெட்ரோல் பம்ப் பிளாக்கோடு சேரும் போல்ட்டில் வைத்ததும் காதைக் குத்தியது.

பலமாகக் கேட்கும் இடமே பிறந்த இடம் என்று உடனே நம்பிவிடக் கூடாது. பம்ப்பின் உடல் மெல்லிய வார்ப்பு, பக்கத்தில் பிறந்த சத்தத்தையும் வாங்கிப் பெருக்கும். உறுதி செய்ய ஒரு வழி உண்டு. திறந்தவெளியில், எஞ்சின் ஆறிய பிறகு, பம்ப்பைக் கழற்றி, டாங்கிலிருந்து வரும் குழாயை இறுக அடைத்து, பிளாக்கில் திறந்த ஓட்டையை ஒரு தகடும் கேஸ்கெட்டும் வைத்து மூடிவிட வேண்டும். கார்புரேட்டரின் ஃப்ளோட் சேம்பரில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடும். என் தட்டல் சூட்டில் மட்டும் வருவது என்பதால், முதல் ஓட்டம் போதாமல் சேம்பரைத் திரும்பத் திரும்ப நிரப்பிச் சூடேற்ற வேண்டியிருந்தது. தட்டல் வரவே இல்லை.

பம்ப்பைக் கையில் எடுத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. நெம்புகோலைக் கேமோடு ஒட்டி வைக்கும் ஸ்பிரிங் தளர்ந்து, அச்சு பின்னும் தேய்ந்திருந்தது. கேமின் மேட்டிலிருந்து இறங்கும்போது நெம்புகோல் விட்டுவிட்டு, அடுத்த மேட்டில் வந்து அடிக்கிறது. கேம் சுற்றுக்கு ஒரு அடி, அதனால்தான் அச்சு அசல் டேப்பட் தாளம். சூட்டில் எண்ணெய் இளகி மெத்தை போய்விட்டதால் குளிரில் கேட்காதது சூட்டில் கேட்டது என்பது என் ஊகம். பம்ப்பை மாற்றினேன், தீர்ந்தது.

பின்னொரு சமயம் ஆக்சிலரேட்டரை விடும்போது முன்பக்கம் சலசலவென்று வந்த சத்தத்தில் இதே கருவி கையை விரித்துவிட்டது. டைமிங் கவர் முழுக்க ஒரே இரைச்சல். அங்கே உதவியது வேறு சோதனை: டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்துவைத்து, கிராங்கைக் கையால் ஒரு பக்கம் திருப்பி, பிறகு மெதுவாக எதிர்ப்பக்கம் திருப்புவது. உள்ளே கேமோடு சேர்ந்து சுற்றும் ரோட்டர் உடனே நகராமல் தாமதித்தால் அந்த இடைவெளியில் பெரும்பங்கு செயின் தளர்ச்சி. டைமிங் லைட்டில் குறியும் ஓரிடத்தில் நிற்காமல் துள்ளியது. செயினும் டென்ஷனரும் மாற்றியாயிற்று.

லோடில் மட்டும் வரும் சத்தங்களுக்கு, உதாரணமாக ஏற்றத்தில் எஞ்சின் கிணுகிணுப்பதற்கு, இது எதற்கும் ஆகாது. ஓடும் காரின் பானட்டுக்குள் யார் தலை விடுவது? கிளிப் மாட்டி உள்ளே உட்கார்ந்து கேட்கும் மைக் வகைகள் அதற்குத்தான். மொபைலில் பதிவு செய்து அனுப்புவது பேச்சுத்துணைக்கு நல்லது. மொபைல் தானாகவே ஒலியைக் கூட்டிக் குறைத்துவிடுவதால் எந்தச் சத்தம் பெரிது என்பதே மாறிவிடும்.

ஒரு கூடுதல் பயன்: கம்பியைக் கழற்றிவிட்டு வெறும் ஹோஸை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் ஓரமாக நகர்த்தினால் கேஸ்கெட் கசிவு 'சுக் சுக்' என்று நேராகக் காதில் வரும். அதுவும் டேப்பட் என்று அடிக்கடி பழி சுமப்பதுதான்.

குறைகள்: எண்ணெயும் சூடும் பட்டு ஹோஸ் விறைத்துப்போகிறது, காது முனைகள் வலிக்கின்றன, கம்பி திருகு தளர்கிறது. தொங்கும் ஹோஸ் ஃபேனுக்கு அருகில் போகாமல் எப்போதும் ஒரு கண் வேண்டும். நீள ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்துக் கேட்பதும் இதே வேலையைச் செய்யும், ஆனால் தலை ஃபேன் பெல்ட் பக்கம் குனிய வேண்டியிருக்கும். விலை குறைவான கருவி என்பதால் அந்த ஒரு காரணத்துக்காகவே வாங்கலாம். வாங்கும்போது கம்பி நீளமானதாகவும் ஹோஸ் தனியாக மாற்றக்கூடியதாகவும் இருக்கிறதா என்று பாருங்கள்.