ஜீவனாம்சப் பாக்கி: வாரண்ட் போடுவதா, சம்பளத்தைப் பிடிப்பதா?

குழந்தைக்கு மாதம் ₹8,000 தர வேண்டும் என்று உத்தரவு வாங்கியாகிவிட்டது. சில மாதம் பணம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. இந்த நிலையில் வரும் தாய்க்குப் பெரும்பாலும் சொல்லப்படும் முதல் யோசனை, "வாரண்ட் போட்டுரலாம்மா, போலீஸ் வாசல்ல வந்து நின்னா பணம் தானா வரும்" என்பதுதான். வரும். ஆனால் அடுத்த மாதம் வருமா, அதற்கடுத்த மாதம் வருமா என்று யாரும் கேட்பதில்லை. பள்ளிக் கட்டணமும் பால் கணக்கும் மாதா மாதம் வருபவை. தகப்பன் மாதச் சம்பளக்காரர் என்றால், சம்பளத்தைப் பிடிக்கும் வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாரண்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு உரிய இடம் வேறு.

வாரண்ட் வழி

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 125(3). 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தில் 144(3). பிரிவு எண் மாறியது, சாரம் மாறவில்லை. உத்தரவு போட்ட குடும்ப நீதிமன்றத்திலோ மாஜிஸ்திரேட்டிடமோ மனுப் போட வேண்டும். தகப்பன் ஊர் மாறிவிட்டால் அவர் இப்போது இருக்கும் ஊர் மாஜிஸ்திரேட்டிடமும் நிறைவேற்றக் கேட்கலாம், அதற்கு 147-வது பிரிவு இடம் தருகிறது.

பலர் சறுக்குவது வரிசையில். சட்டம் முதலில் சொல்வது, அபராதத்தை வசூலிக்கிற முறையில் பாக்கியை வசூலிக்கும் வாரண்ட். அதாவது அசையும் சொத்தை ஜப்தி செய்து விற்பது, அல்லது நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கச் சொல்லிக் கலெக்டருக்கு அனுப்புவது. அதற்குப் பிறகும் நிற்கும் தொகைக்குத்தான் சிறை, அதுவும் தக்க காரணமில்லாமல் கட்டாதவருக்கு. இந்தப் படியைத் தாண்டி நேராகக் கைது வாரண்ட் வாங்கினால், எதிர்த்தரப்பு சீராய்வு மனுவில் அதை உடைத்துவிட வாய்ப்பு இருக்கிறது. அதில் வீணான மாதங்கள் திரும்ப வராது. ஆகவே மனுவில் இரண்டையும் வரிசைப்படி கேளுங்கள்.

சிறை எவ்வளவு நாள்? செலுத்தாத ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை, அல்லது அதற்குள் கட்டினால் கட்டும்வரை. பன்னிரண்டு மாதப் பாக்கிக்கு ஒரே மனுவில் பன்னிரண்டு மாதம் அனுப்பலாமா, ஒரு மாதம்தானா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. "உள்ளே இருந்துட்டு வந்துட்டேன், கணக்கு தீர்ந்தது" என்று சில தகப்பன்கள் சொல்வது மட்டும் முழுப்பொய். சிறை என்பது வசூலிக்க ஒரு வழியே தவிர வசூலுக்கு ஈடு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டது. கடன் அப்படியே நிற்கும்.

இந்த வழியின் பெரிய பொறி ஓராண்டுக் கெடு. ஒரு தொகை எந்தத் தேதியில் கட்ட வேண்டியதாகிறதோ, அந்தத் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட்டால்தான் அதற்கு வாரண்ட் கிடைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதி கெடு. 2024 மார்ச்சிலிருந்து பணம் இல்லை. மனு போட்ட நாள் 2025 ஜூன் 20. மார்ச், ஏப்ரல், மே, ஜூன் ஆகிய நான்கு மாதத் தொகைகள் வாரண்ட்டுக்கு வெளியே போய்விட்டன. ₹8,000 வீதம் ₹32,000. "இன்னும் கொஞ்சம் சேரட்டும், மொத்தமாகப் போடலாம்" என்று காத்திருப்பதன் விலை இது. அந்தப் பணம் செத்துவிடவில்லை. வாரண்ட்டுக்குத்தான் ஓராண்டு, சிவில் வழியில் வசூலிக்கும் உரிமை போகாது என்று 2013-ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு தடவை கெடுவுக்குள் மனுப் போட்டுவிட்டால், அது நிலுவையில் இருக்கும்போது புதிதாகச் சேரும் பாக்கிக்குத் தனித்தனி மனு கட்டாயமில்லை என்பது 2005-ம் ஆண்டுத் தீர்ப்பு. வாய்தாவுக்கு வாய்தா ஒரு மெமோவில் புதுக் கணக்கைக் கொடுத்து வாருங்கள்.

ஆனால் நடைமுறையில் நடப்பது என்ன? வாரண்ட் காவல் நிலையத்துக்குப் போய் "ஆள் இல்லை" என்று திரும்புகிறது. ஆள் அகப்பட்டால் அன்றைக்கே ₹15,000 கட்டி, மீதிக்கு அவகாசம் கேட்டு, வாரண்ட்டை ரீகால் (திரும்பப் பெற) செய்துகொண்டு போகிறார். அடுத்த மாதம் மறுபடி ஒன்றும் இல்லை. மறுபடி மனு, மறுபடி நோட்டீஸ், மறுபடி ஸ்டேஷன். ஒவ்வொரு சுற்றிலும் வேலைக்கு லீவு போட்டு அலைவது தாய்தான், தகப்பன் இல்லை. இந்த அலைச்சல் ஓய்வதே இல்லை என்பதுதான் வாரண்ட்டுக்கு எதிரான என் முக்கிய வாதம்.

சம்பளத்தைப் பிடிக்கும் வழி

சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவு சாதாரணமாகக் கடன் வாங்கியவருக்குத் தாராளமானது. சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயும் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கும் தொட முடியாது. ஜீவனாம்சம் என்று வந்தால் தலைகீழ்: மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே பாதுகாப்பு, மூன்றில் இரண்டு பங்கு வரை பிடிக்கலாம். சாதாரணக் கடனில் 24 மாதம் பிடித்தபின் அதே தீர்ப்புக்காக மேற்கொண்டு பிடிக்க முடியாது என்ற வரம்பும் ஜீவனாம்சத்துக்கான உட்பிரிவில் இல்லை. குழந்தை வளரும்வரை ஓட வேண்டிய ஏற்பாட்டுக்கு இது மிகப் பெரிய விஷயம்.

தொகையில் பார்ப்போம். மாதச் சம்பளம் ₹45,000. ₹15,000 அவருக்கு. ₹30,000 வரை பிடிக்க இடம் இருக்கிறது. ஓராண்டுப் பாக்கி ₹96,000 என்றால் பன்னிரண்டு தவணையாக மாதம் ₹8,000, நடப்பு மாதத்துக்கு ₹8,000, ஆக ₹16,000. வரம்புக்குள் வசதியாக நிற்கிறது. இந்தக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி மனுவோடு இணைத்தால், "அவர் எப்படிப் பிழைப்பார்" என்ற வாதத்துக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

போட வேண்டியது நிறைவேற்று மனு, கோர்ட் வளாகத்தில் சொல்வது போல இ.பி. இணைக்க வேண்டியவை: உத்தரவின் சான்றிட்ட நகல், மாதவாரியாகக் கெடு தேதி, வந்தது, வராதது என்று பிரித்த கணக்குத் தாள், பணம் வர வேண்டிய வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்ட். கூடவே அவருடைய பணியாளர் எண், நிறுவனத்தின் பதிவுப் பெயர், சம்பளம் பட்டுவாடா செய்யும் அலுவலரின் பதவி, முகவரி. "மனிதவளத் துறை" என்று மொட்டையாக எழுதி அனுப்பும் உத்தரவுதான் யார் மேசையிலும் நிற்காமல் காணாமல் போகிறது. இந்த விவரங்கள் தெரியாவிட்டால், ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் கட்டாயமாக்கிய சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரத்தைப் பாருங்கள். தகப்பன் தாக்கல் செய்த பத்திரத்தோடு சம்பளச் சீட்டு இருந்தால் பாதி வேலை முடிந்தது. தாக்கலே செய்யவில்லை என்றால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 21 விதி 41-ன்படி சொத்து விவரம் கேட்கலாம். அதை மதிக்காவிட்டால் சிவில் சிறை மூன்று மாதம் வரை போகும்.

அரசு ஊழியர் என்றால் அதே ஆணை 21-ன் விதி 48. அவரோ சம்பளம் போடும் அலுவலரோ அந்த நீதிமன்ற எல்லைக்குள் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. தமிழக அரசு அலுவலகங்களில் உத்தரவு போக வேண்டியது டி.டி.ஓ.வுக்கு, அதாவது சம்பளம் பெற்று வழங்கும் அலுவலருக்கு. அரசின் சம்பள இணையத் தளமான களஞ்சியத்தில் சம்பளப் பட்டியலில் பிடித்தம் ஏற்றுவது அவர் பொறுப்பு. தனியார் ஊழியருக்கு விதி 48ஏ, இங்கேதான் சிக்கல். பட்டுவாடா அலுவலர் அந்த நீதிமன்ற எல்லைக்குள் இருக்க வேண்டும். ஆள் சென்னையில் வேலை பார்ப்பார், சம்பளம் போடும் அலுவலகம் பெங்களூரில் இருக்கும். அப்போது தீர்ப்பை நிறைவேற்ற அந்த ஊர் நீதிமன்றத்துக்கு மாற்றக் கேட்க வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே விசாரித்துவிட்டால் பல மாதம் மிச்சம். ஒரு தடவை முறையாக உத்தரவு போய்ச் சேர்ந்துவிட்டால், அவர் இந்தியாவில் எந்தக் கிளைக்கு மாறினாலும் அதே முதலாளியின் பணத்தில் சம்பளம் வாங்கும்வரை அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். மீறி முழுச் சம்பளத்தையும் கொடுத்தால் அந்தத் தொகைக்கு நிறுவனமே பொறுப்பு. இந்த வரியை உத்தரவு நகலோடு போகும் கடிதத்தில் எடுத்து எழுதினால், நிறுவனங்கள் பேசும் தொனியே மாறும்.

ஒரு இடத்தில் கவனம் வேண்டும். இ.பி.யில் சேர்ந்துபோன பாக்கியை மட்டும் பிடிக்கச் சொல்லி, இனி வரும் மாதங்களுக்கு உத்தரவிடத் தயங்கும் நீதிபதிகள் உண்டு. கையிலிருப்பது 125 அல்லது 144 உத்தரவு என்றால், "இது கிரிமினல் உத்தரவு, வாரண்ட் வழியே போங்கள்" என்றும் சொல்லக்கூடும். ஜீவனாம்ச உத்தரவைச் சிவில் பணத் தீர்ப்பு போல 60-வது பிரிவு, ஆணை 21 வழியாக நிறைவேற்றலாம் என்று அதே 2020 தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது. அந்தப் பகுதியை நகலெடுத்து மனுவோடு வையுங்கள். கோரிக்கையிலும் "பாக்கியைத் தவணையாகவும், நடப்புத் தொகையை மாதா மாதமும் பிடித்து மனுதாரர் கணக்கில் செலுத்த" என்று இரண்டையும் வெளிப்படையாக எழுதுங்கள். எழுதாததை நீதிமன்றம் தானாகத் தராது.

இதற்கு இன்னும் நேரான வாசல் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம், 2005. அதன் 20-வது பிரிவில் குழந்தைக்கும் சேர்த்துப் பண நிவாரணம் கிடைக்கும். கட்டாவிட்டால் 20(6)-ன்படி மாஜிஸ்திரேட் நேராக முதலாளிக்கே, சம்பளத்தில் ஒரு பகுதியைத் தாயிடம் கொடு அல்லது கோர்ட்டில் கட்டு என்று உத்தரவிடலாம். தகப்பனுக்குப் பணம் தர வேண்டிய மூன்றாமவருக்கும் இது பொருந்தும். வாடகைக்குக் கடை விட்டிருப்பவர் என்றால் வாடகைதாரருக்கு உத்தரவு போகும். ஆனால் இது அந்தச் சட்டத்தின் கீழ் வாங்கிய உத்தரவுக்குத்தான். வெறும் 144 உத்தரவை வைத்துக்கொண்டு 20(6) கேட்க முடியாது, தனி மனுப் போட வேண்டும்.

எங்கே சம்பள வழி கவிழும்

அவர் ராஜினாமா செய்தால் அன்றோடு முடிந்தது. புது முதலாளியைக் கண்டுபிடித்து மறுபடி போக வேண்டும். ரொக்கச் சம்பளக்காரரிடம் இது செல்லவே செல்லாது. அரசு ஊழியர் இடைநீக்கத்தில் இருந்தால் பிழைப்பூதியத்தைத் தொட முடியாது. பி.எஃப். பணத்தையும் பிடிக்க முடியாது, அதற்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது.

கடை, லாரி, ரியல் எஸ்டேட், விவசாயம் என்று சொந்தத் தொழில் பார்ப்பவரிடம்தான் வாரண்ட் நன்றாக வேலை செய்கிறது. ஊரில் பெயர் முக்கியம் என்பவர்கள் அவர்கள். அதோடு சேர்த்து நிலத்தையும் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றும், வருவாய்த்துறை தளத்தில் பட்டாவும் எடுத்துவிட்டு, ஆணை 21 விதி 54-ன்படி அசையாச் சொத்தை ஜப்தி செய்யக் கேட்கலாம். ஜப்தி உத்தரவு சார்பதிவாளருக்குப் போய் வில்லங்கத்தில் ஏறிவிட்டால், வாங்க வருகிறவர் பின்வாங்குவார். அண்ணன் தம்பி பேருக்குத் தான செட்டில்மென்ட் எழுதித் தப்பப் பார்த்தாலும், சும்மா வாங்கியவர்மீது ஜீவனாம்ச உரிமை பாய சொத்து மாற்றுச் சட்டம் 39-வது பிரிவு இடம் தருகிறது. விவசாயி குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு.

வாரண்ட், இ.பி. இரண்டையும் ஒருசேரப் போடலாமா என்று கேட்பார்கள். ஒரே மாதப் பாக்கியை இரண்டிலும் கேட்காதீர்கள். ஓராண்டுக்கு உள்ளே உள்ளதை வாரண்ட் மனுவிலும், பழையதை இ.பி.யிலும் பிரித்துப் போட்டு, இரண்டிலும் மற்றதைப் பற்றி ஒரு வரி எழுதிவிடுவது சுத்தமான வழி. "மேல்முறையீடு போட்டிருக்கிறேன்" என்ற பதிலுக்கு அசர வேண்டியதில்லை. தடையாணை நகலைக் காட்டும்வரை நிறைவேற்றம் நிற்காது. பணத்தைக் கையில் ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கியே ஆக வேண்டும் என்றால் எந்த மாதத்துக்கு என்று எழுதிய ரசீது கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கணக்குத் தாளில் பிறகு தகராறு வரும்.

வக்கீல் கட்டணம்தான் தடை என்றால், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். போகும்போது உத்தரவு நகலோடு மாதவாரிக் கணக்குத் தாளையும் சம்பளம் போடும் அலுவலக முகவரியையும் எடுத்துப் போங்கள்.